தண்ணீர் விழுங்கும்போதா, ஏணி ஏறும்போதா

அன்று காலை அவள் கணவர் மாத்திரையைக் கேட்டது, நூல்கண்டைக் கேட்பது போலத்தான் இருந்தது. கடையைத் திறந்து விளக்கைப் போட்டு, முந்தின நாள் வெட்டிவைத்த சாம்பல் நிறத் துணியை அவள் தையல் மெஷினுக்குக் கொடுத்திருந்தாள். நீள ஓரம் அடிக்கும்போது யாராவது பேச்சுக் கொடுத்தால் அவளுக்குப் பிடிக்காது. அது தெரிந்து, மெஷின் ஓய்கிறவரை காத்திருந்துவிட்டு, "உன் நாக்கு மாத்திரையில ஒண்ணு எடுத்துக்கறேன்" என்றார். அவள் தலை நிமிராமல் கைப்பையைக் காலால் அவர் பக்கம் தள்ளினாள். கம்பிகளை வண்டியில் ஏற்றிவிட்டு உள்ளே வந்தவர் நெஞ்சின் நடுவில் முஷ்டியை வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார் என்பதை அவள் அப்போதே பார்த்தாளா, பிறகு மனசு வரைந்துகொண்டதா என்பதை இப்போது சொல்ல முடியவில்லை.

மாத்திரை நாக்குக்கடியில் கரைகிறவரை பேச முடியாது. துணி உருளைகளில் சாய்ந்துகொண்டு, கடைக்கு முன்னால் போகிறவர்களைப் பார்த்தபடி நின்றார். அவள் அடுத்த ஓரத்தை மடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவர் ஒரு பெருமூச்சு விட்டு, "கேட்டுடுச்சு. குழாய்தான்" என்றார். "என்ன முதலாளியம்மா, உன் வியாதியிலயும் எனக்குப் பங்கு குடுத்துட்ட."

"எல்லாத்துலயும் பாதின்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

அவர் சிரித்துக்கொண்டே ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. வண்டி கிளம்பிய சத்தம் அவள் காதில் விழவே இல்லை.

அவர்கள் தொழில் திரை. அவர் வீடு வீடாகப் போய் ஜன்னல் அளப்பார், சுவரில் துளை போட்டுக் கம்பி மாட்டுவார். அவள் கடையில் உட்கார்ந்து வெட்டித் தைப்பாள். தெருவில் அவருக்குத் திரைக்காரர் என்றே பேர். மகள் பள்ளிக்கூடம் போன நாளிலேயே அப்பாவின் தொழிலைக் கேட்டவர்களிடம் "எங்கப்பா அளக்கறவர்" என்று சொன்னவள். உண்மைதான், மனுஷனுக்கு அளப்பதில் ஒரு வெறி. ஒரே கட்டடத்தில், ஒரே மேஸ்திரி ஒரே நாளில் வைத்த ஜன்னல்களாக இருந்தாலும் ஒவ்வொன்றையும் தனித்தனியாக அளப்பார். ஒன்றை அளந்து மற்றதற்கும் அதையே எழுதிக்கொள்ளக் கூடாதா என்று வீட்டுக்காரர்கள் கேட்டால், "உங்க ரெண்டு காலும் ஒரே அளவா சார்?" என்பார். கேட்டவர் தன் காலைக் குனிந்து பார்க்கிற நேரத்தில் அடுத்த ஜன்னலையும் அளந்து முடித்திருப்பார்.

அவளுக்கு வலி வந்தது அதற்கு இரண்டு வருஷம் முன்னால். சாப்பிட உட்கார்ந்தவளின் நெஞ்செலும்புக்குப் பின்னால் யாரோ ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி ஒரு முறுக்கல். அது தாடைவரை ஏறியது, முதுகுக்குப் போனது. அவள் சாகப்போகிறாள் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மறுபடி ரத்தம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றும் இல்லை. ஆனாலும் வயசையும் சர்க்கரையையும் பார்த்த இதய டாக்டர் விடவில்லை; மணிக்கட்டு வழியாக மெல்லிய குழாய் விட்டு இதயத்தின் ரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார்கள். எங்கேயும் அடைப்பு இல்லை என்றார். ஆனால் வலி அதை ஒப்புக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்ப வந்தது.

கடைசியில் வயிற்று டாக்டரம்மாவிடம் அனுப்பினார்கள். மூக்கு வழியாக ஒரு ஒயரை உள்ளே விட்டு, ஒவ்வொரு வாயாகத் தண்ணீர் விழுங்கச் சொல்லித் திரையில் பார்க்கிற பரிசோதனை. அவள் கண்ணில் நீர் வழிய விழுங்கிக்கொண்டிருந்தாள். அவர் பக்கத்தில் நின்று அந்தத் திரையின் வண்ணங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். உணவுக்குழாய் மேலிருந்து கீழாக வரிசையாகச் சுருங்கி உணவை இறக்க வேண்டும், இவளுக்கு வரிசை தப்பி ஒரே நேரத்தில் இறுகிக்கொள்கிறது என்றார் டாக்டரம்மா. அதற்கு ஏன் நெஞ்சு வலிக்க வேண்டும் என்று அவர் கேட்டார். துணியில் பூ ஏன் தலைகீழாக விழுந்திருக்கிறது என்று மொத்த வியாபாரியிடம் கேட்கிற அதே குரல்.

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடுங்க. நரம்பு ரெண்டுக்கும் ஒரே பாதை. வலின்னு தகவல் வந்தா, எந்த வீட்லேருந்து வருதுன்னு மூளைக்கே தெரியாது. அதனாலதான் முதல்ல இதயத்தைப் பாக்கறோம். அது இல்லைன்னு ஆன பிறகுதான் மத்த பேச்செல்லாம்."

அவர் தலையாட்டினார். அவளும் ஆட்டினாள். அந்தக் கடைசி வாக்கியம் இரண்டு பேர் காதிலும் விழுந்ததுதான். ஆனால் இதயம் பார்த்தாகிவிட்ட வீட்டில் அது தாண்டி வந்துவிட்ட படி. யார் திரும்பிப் பார்க்கப் போகிறார்கள்?

அதற்குப் பிறகு அவருக்கு அவள் வலியும் ஒரு ஜன்னல் ஆகிவிட்டது. வலி வந்தால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு வந்து எதிரில் உட்காருவார். ஏதாவது விழுங்கினாயா, சூடா, குளிர்ச்சியா, படி ஏறினாயா, வியர்க்கிறதா, மூச்சு வாங்குகிறதா, கை இழுக்கிறதா. எல்லாக் கேள்வியையும் சுருக்கி வீட்டில் ஒரே கேள்வியாக்கி வைத்திருந்தார்: தண்ணீர் விழுங்கும்போதா, ஏணி ஏறும்போதா? வெளியூரில் வேலை பார்க்கிற மகள்கூடப் போனில் அம்மாவின் குரல் ஒரு மாதிரி இருந்தால் அதையே கேட்பாள். விழுங்கும்போது என்று பதில் வந்தால் போனின் இரண்டு பக்கமும் மூச்சு வரும். இறுக்கம் விடாத நாளுக்கென்று டாக்டரம்மா எழுதிக் கொடுத்ததுதான் நாக்கடி மாத்திரை. குழாய் என்ற சொல் அந்த வீட்டில் ஒரு நல்ல செய்தியின் பேராக ஆகிப்போனது. வலிக்கிறது, ஆனால் குழாய். பயந்துபோனோம், நல்லவேளை, குழாய்.

அதனால்தான் அவருக்கு வலி வந்தபோது அந்தப் பேர் அவ்வளவு சுலபமாக வாயில் வந்திருக்க வேண்டும். தலைக்கு மேலே ட்ரில்லைப் பிடித்து நிற்கும்போது நெஞ்சு கனக்கிறது என்றார். இறங்கி உட்கார்ந்தால் போய்விடுகிறது. ஒரு ஏப்பம் வந்தால் இன்னும் இதம். இப்போது கேள்வி கேட்கிற முறை அவளுடையது. நாற்காலியை இழுத்துப் போட்டு டாக்டரம்மா மாதிரி கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிக்கொண்டு, தண்ணீர் விழுங்கும்போதா, ஏணி ஏறும்போதா என்றாள்.

"ஏணியிலதான். ஆனா ஏறறதுக்கு முன்னாடி டீ குடிச்சேன்ல?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பரீட்சையில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிறவன் மாதிரி முழிக்கிறீர்கள் என்று அவள் சொன்னாள். ஒரே மாடியில் இருக்கிற இரண்டு ஜன்னலுக்கு ஒரே அளவை எழுதிக்கொள்ளாத மனுஷன், அவள் நெஞ்சில் எடுத்த அளவைத் தன் நெஞ்சுக்கு வைத்துக்கொண்டார். இரண்டு வருஷம் பக்கத்திலேயே நின்று பார்த்தவளுக்கும் அது உறைக்கவில்லை. எதற்கும் ஒருமுறை காட்டிவிடலாம் என்று அவள் சொன்னது உண்டு. பெரிய ஆர்டர் ஒன்று முடியட்டும் என்று அவர் சொன்னதும் உண்டு. வீட்டுக்கு வீடு நடக்கிற பேச்சு.

அந்த ஆர்டர் ஒரு கணக்கு டீச்சரின் புது வீடு. நான்காவது மாடி, சாமான்கள் இன்னும் வந்து சேரவில்லை. இரண்டு ஜன்னலுக்குக் கம்பி மாட்டிவிட்டு மூன்றாவதற்குத் துளை போட ஏணியை நகர்த்தியவர், கொஞ்சம் உட்காருகிறேன் என்று டீச்சரிடம் சொல்லிவிட்டு, மடித்துவைத்திருந்த திரைகள் அழுக்காகாமல் ஓரமாக நகர்த்திவிட்டு, வெறுந்தரையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாராம். சமையலறையிலிருந்து டீச்சர் திரும்பி வந்தபோது அப்படியே இருந்தாராம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பேச ஒன்றும் மிச்சமில்லை. கண் சிவந்து நின்ற இளம் டாக்டரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, காலையில் மாத்திரை போட்டு வலி போய்விட்டதே, அது எப்படி என்பது. அந்த மாத்திரை இதயத்தின் குழாயையும் தளர்த்தும், உணவுக்குழாயையும் தளர்த்தும், அதனால் வலி போனதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னான். ஜெலூசில் குடித்து வலி அடங்கி, அடைப்போடு வந்தவர்களைக்கூட நாங்கள் பார்க்கிறோம் அம்மா என்றான். ஆறுதலாகத்தான் சொன்னான்.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், போனார்கள். மகளோடு நாத்தனார் மட்டும் தங்கினாள். அண்ணன்மேல் உயிரையே வைத்திருந்தவள். ஒருநாள் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, குரலை உயர்த்தாமல், "ஒரு தையல்காரியும் ஒரு கம்பி மாட்றவரும் சேந்து வீட்லயே ஆஸ்பத்திரி நடத்துனீங்களே அண்ணி" என்றாள். நாத்தனார் தன் அண்ணனின் சட்டையை மூன்று முறை பிரித்து மூன்று முறை மடித்தாள். கடைசியில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். இவள் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

அன்றைக்கே சாப்பிடும்போது வலி வந்தது. ஒரு துண்டு ரொட்டி, ஒரு வாய் தண்ணீர், அவ்வளவுதான். பழைய வலிதான், பழைய இடம்தான், ஈரத்துணியைப் பிழிகிற அதே முறுக்கல். அவள் தட்டை நகர்த்திவைத்ததும் வீடே அசைவற்றுப் போயிற்று. முன்பானால் எதிரில் வந்து உட்கார ஒருத்தர் இருந்தார். இப்போது மகளும் நாத்தனாரும் அவள் முகத்தைப் பார்த்தார்கள். தண்ணீர் விழுங்கும்போதா என்று கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மகள் கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில், ஈசிஜியில் ஒன்றுமில்லை, ரத்தத்தில் ஒன்றுமில்லை, இது உங்கள் உணவுக்குழாய்தான் என்று சொல்லி அனுப்பினார்கள். நல்ல செய்தி. அந்தச் சொல்லைக் கேட்டதும் அவள் கட்டிலைவிட்டு இறங்கிச் செருப்பைத் தேடினாள்.

அதன்பிறகு அவள் தன் நெஞ்சைக் கேட்டுக்கொண்டே வாழத் தொடங்கினாள். குளிர்ந்த தண்ணீரை நிறுத்தினாள், கூழாகிற வரைக்கும் மென்றாள், தலையணைகளை அடுக்கி உட்கார்ந்தபடி தூங்கினாள். மெஷினில் உட்கார்ந்தால் பெடலை அழுத்துகிற காலைவிட நெஞ்சில்தான் கவனம் போனது. தையல் கோணிக்கொண்டு ஓடியது. வலி வராத நேரம்தான் மோசம். வந்துவிட்டாலாவது ஓடலாம். ஓடினாள். அவசரப் பிரிவின் நர்ஸ் அவளைப் பேர் கேட்காமலே உட்காரவைக்கிற அளவுக்கு ஓடினாள். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்று கேட்டுவிட்டு வெளியே வரும்போது, பொய் சொல்லிப் பிடிபட்டவள் போலக் கூசியது. ஒருமுறை வலியோடு போகாமல் வீட்டிலேயே இருந்துபார்த்தாள். கதவைத் தாழ் போடாமல் திறந்துவைத்துக்கொண்டு, யாராவது வந்தால் உடைக்க வேண்டாமே என்று, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

அதைக் கேள்விப்பட்ட மகள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "அம்மா, நீ போன் பண்ணினா எடுக்கப் பயமா இருக்கு. பண்ணலைன்னாலும் பயமா இருக்கு. எனக்கு ரெண்டுத்துல ஏதாவது ஒண்ணு சொல்லு. இது இதயமா, இல்லையா?"

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் அவள் வயிற்று டாக்டரம்மாவிடம் போனாள். அவர் இறந்த செய்தி டாக்டரம்மாவுக்குத் தெரிந்திருந்தது. கேள்வி கேட்டுக் கேட்டு என்னையே படிக்கவைத்தவர் என்றார். இனி வலி வந்தால் அது எது என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று அவள் கேட்டாள். முன்பு இதயம் நன்றாக இருந்தது என்று படம் பிடித்துச் சொன்னார்களே, அது போதாதா என்றும் கேட்டாள்.

"அது அன்னிக்கு எடுத்த அளவும்மா. ரெண்டு வருஷம் ஆச்சு, சர்க்கரை இருக்கு, நீங்க இப்ப பட்டிருக்கிற துக்கம் இருக்கு. பழகின வலி, விழுங்கும்போது வந்து பழகின மாதிரி போயிட்டா வீட்ல இருங்க. புதுசா ஒண்ணு சேந்தா, நடக்கும்போதோ ஏறும்போதோ வந்தா, வியர்த்தா, மூச்சு முட்டினா, போகாம நின்னா, வந்துடுங்க. எதுன்னு கண்டுபிடிக்கிறது உங்க வேலை இல்ல. எங்க வேலை. வந்துட்டு ஒண்ணும் இல்லாம திரும்பிப் போறது ஒண்ணும் குத்தம் இல்ல."

சொல்லும்போது தெளிவாகத்தான் இருந்தது. படியிறங்கும்போதே, பழகின வலியும் புது வலியும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வது என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று தோன்றியது. திரும்பிப் போகக் கூச்சமாக இருந்தது.

கணக்கு டீச்சர் தன் திரையைக் கேட்டு ஒருநாளும் போன் செய்யவில்லை. மூன்றாவது ஜன்னலுக்கான சாம்பல் நிறத் துணி, அன்று காலை அவள் ஓரம் அடித்தது, கடை மூலையில் மடித்தபடி கிடந்தது. டீச்சர் கேட்காததே அவளைக் கேட்டுக்கொண்டிருந்தது. கம்பி மாட்ட ஒரு ஆளை அனுப்பித் துளை போடச் செய்தாள். திரையை மட்டும் தானே போய் மாட்டுவதென்று கிளம்பினாள். மகளிடம் சொல்லவில்லை.

லிஃப்ட் வேலை செய்தது. டீச்சர் கதவைத் திறந்து, என்ன பேசுவது என்று தெரியாமல், ஃப்ரிட்ஜிலிருந்து ஜூஸ் எடுத்து ஊற்றிக் கொடுத்தாள். வேண்டாம் என்றால் அந்தப் பெண் முகம் விழுந்துவிடும் போல இருந்தது. இரண்டு வாய் குடித்தாள். சுவர்ப் பக்கம் எங்கே பார்த்தாலும் அவர் உட்கார்ந்த இடம் அதுவோ என்று கண் தேடியது. அங்கே இப்போது ஒரு அலமாரி நின்றது. ஏணியில் ஏறினாள். கையைத் தலைக்கு மேலே தூக்கி, கொக்கிகளை வளையங்களில் ஒவ்வொன்றாகக் கோத்துக்கொண்டு வந்தாள். பாதிக் கம்பி தாண்டியபோது நெஞ்செலும்புக்குப் பின்னால் இறுகியது.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழுங்கியும் இருந்தாள், ஏறியும் இருந்தாள். கேள்வி இரண்டு பக்கமும் ஆமாம் என்றது. நெற்றி ஈரமாக இருந்தது. பயத்தாலா, வெயிலாலா, வேறெதனாலாவதா, தெரியவில்லை. பழைய வலிதானா என்று உன்னிப்பாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க அது பழைய வலியாகவும் தெரிந்தது, புது வலியாகவும் தெரிந்தது. கைப்பை கீழே நாற்காலியில் இருந்தது, அதற்குள் மாத்திரை. போட்டால் அடங்கும். அடங்கினால் சிரித்துவிட்டு மிச்சக் கொக்கிகளை மாட்டி முடிக்கலாம். அடங்கினால் எதுவும் தெரியாது.

ஒவ்வொரு படியாக இறங்கினாள். டீச்சர் சமையலறை வாசலில் வெளுத்துப்போய் நின்றுகொண்டிருந்தாள். இதே இடத்தில் ஏற்கனவே ஒருமுறை நின்றவள்தானே. அவளைப் பார்த்து, ஒன்றுமில்லை, குழாய்தான் என்று சொல்ல வாய் தானாகத் திறந்தது. அதை மூடிக்கொண்டாள்.

"என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். "இது எதுன்னு எனக்குத் தெரியல."

தெரியவில்லை என்ற அந்த வார்த்தையை அவரும் அவளும் ஒருநாளும் சொன்னதில்லை. டீச்சர் செருப்பைக்கூடப் போடாமல் கார் சாவியை எடுத்தாள். பாதித் திரை ஜன்னலில் தொங்கிக்கொண்டிருக்க, மீதி ஏணியின்மேல் கிடந்தது.

அவசரப் பிரிவில் நர்ஸ், வாங்கம்மா என்று கையைப் பிடித்துப் படுக்கவைத்தாள். ஏணியில் இருக்கும்போது வந்தது என்று இவள் சொன்னதும் நர்ஸின் கை கொஞ்சம் வேகமானது. நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், காகிதம் ஓடியது, டாக்டர் அதைப் பார்த்தார், கிழித்து எடுத்துக்கொண்டு போய் இன்னொருவரிடம் காட்டினார். ரத்தம் எடுத்துப் போனார்கள். ஒருமுறை பார்த்தால் போதாது, கொஞ்ச நேரம் விட்டு மறுபடி எடுப்போம், அதுவரை எழுந்திருக்கக் கூடாது என்றார்கள். வலி குறைந்திருந்தது, ஆனால் போய்விட்டது என்று சொல்ல முடியாது. உள்ளே யாரோ பிடியைத் தளர்த்திக்கொண்டு, கையை எடுக்காமல் வைத்திருந்தார்கள். மகளுக்குப் போன் போட்டு டீச்சர் வெளியே பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. எது, எது என்று மகள் கேட்டிருக்க வேண்டும். இன்னும் தெரியலைங்க, பாத்துக்கிட்டிருக்காங்க என்று டீச்சர் இரண்டு முறை சொன்னாள்.

கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். பச்சைத் துணி, பலமுறை துவைத்து வெளுத்தது. அதற்கடியில் கால்கள் போய்க்கொண்டிருந்தன. வெள்ளை ஷூக்கள், யாரோ ஒருவருடைய வெறுங்கால்கள், ஒரு ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள், அதன் பின்னால் ஓடுகிற செருப்புகள். அவள் ஒவ்வொரு ஜோடியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், இது நிற்குமா, அடுத்தது நிற்குமா என்று. ஒரு கறுப்பு ஷூ வேகம் குறைந்து, அவள் பக்கம் திரும்பியது மாதிரி இருந்து, பக்கத்துக் கட்டிலுக்குப் போனது. முதன்முதலில் அவளை இங்கே கொண்டுவந்து படுக்கவைத்த நாளிலேயே அந்தத் திரை தரைக்கு ஒரு சாண் குட்டை. இன்றைக்கும் ஒரு சாண் குட்டையாகத்தான் இருந்தது.